பழுது எங்கே உளது? லினக்ஸ் கணினியில் ஒலி, ஒளி, இரட்டைத் துவக்கச் சிக்கல்களை ஆராயும் முறை

முன்னுரை

ஒரு பள்ளியை எண்ணிக்கொள்வோம். அங்கு இருப்பது ஒரே கணினி. அதன் வட்டில் விண்டோஸ், லினக்ஸ் என்னும் இரண்டு இயங்குதளங்களும் நிறுவப்பட்டுள்ளன. கணினியைத் துவக்கியதும் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். ஆசிரியர் தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்துக்கொள்வார். மாணவரின் மதிப்பெண்களும் வருகைக் கணக்கும் விண்டோஸின் பகுதியில் உள்ளன. பாடத் திரைப்படங்களைக் காட்டுவதற்கு லினக்ஸ் பயன்பட்டு வருகின்றது. ஒரு நாள் லினக்ஸ் புதிய பதிப்பிற்கு உயர்த்தப்படுகின்றது. மறுமுறை கணினியைத் துவக்கும்போது பட்டியலில் விண்டோஸின் பெயரைக் காணோம். பழுது பார்க்க வந்தவர், ‘விண்டோஸ் அழிந்துவிட்டது’ என்று முடிவு கட்டி, வட்டு முழுவதையும் துடைத்துவிட்டு அதனைப் புதிதாக நிறுவித் தருகின்றார். கணினி நன்கு இயங்குகின்றது. மூன்றாண்டு மதிப்பெண்கள் மட்டும் போய்விட்டன.

இங்கு விண்டோஸ் உண்மையில் அழியவில்லை. பட்டியலில் அதன் பெயர் விடுபட்டது, அவ்வளவே. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமையால் ஒருவர் இறந்துபோனார் என்று நாம் கொள்வதில்லை. ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்தியிருந்தால் சில நிமிடங்களில் தீர்ந்திருக்கக்கூடிய குறை, ஆராயாது செய்த பழுதுபார்ப்பினால் மீளாத இழப்பாயிற்று.

இத்தகைய கணினிகள் நம் நாட்டில் அரியவையல்ல. உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையமாகிய சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒருங்கே இடம் பெற்றிருந்தன. கேரளப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு/லினக்ஸ் பயன்படுகின்றது. விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டு வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றபின், விண்டோஸ் 11ஐத் தாங்க இயலாத பழைய கணினிகளில் லினக்ஸை உடன் நிறுவிக்கொள்வோரும் உளர். எனவே பழுதின் இருப்பிடத்தை அறியும் முறையை ஆசிரியரும் களப்பணியாளரும் கற்றிருத்தல் நலம்.

1. வாய்க்காலும் கணினியும்

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையெனில் உழவர் ஏரியை வெட்டப் புறப்படுவதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, நடுவிலுள்ள மதகில் தண்ணீர் உளதா என்று பார்க்கின்றார். அங்குத் தண்ணீர் இருப்பின் அடைப்பு அம்மதகிற்குக் கீழே உளது. இல்லையெனில் மேலே உளது. ஒரே பார்வையில், தேட வேண்டிய தொலைவு பாதியாகிவிடுகின்றது.

கணினியும் இத்தன்மையதே. திரைப்படம் ஒன்று ஓடுவதாயினும், இயங்குதளம் ஒன்று துவங்குவதாயினும், அச்செயல் பல கட்டங்களைக் கொண்ட ஒரு சங்கிலியாகும். ஒரு கட்டம் தன் வேலையை முடித்து அடுத்ததனிடம் ஒப்படைக்கின்றது. பதினாறு கட்டங்களுள் ஏதோ ஒன்றில் பழுது இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் எஞ்சியவற்றின் நடுவே சோதித்து வந்தால், நான்கே சோதனைகளில் அதனைக் கண்டுகொள்ளலாம்.

இதனின்றும் மூன்று விதிகள் பெறப்படுகின்றன. முதலாவது, கை வைக்குமுன் முக்கியமான கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். இரண்டாவது, பழுது எக்கட்டத்தில் உளது என்பது தெரியுமுன் எதனையும் மாற்றுதலாகாது. மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, அதனையும் அதன் விளைவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளல் வேண்டும். ஒரே மூச்சில் ஐந்து மாற்றங்கள் செய்தவர், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பதை அறியார்.

2. திரைப்படக் கோப்பின் அமைப்பு

எம்பி4, எம்கேவி, வெப்எம் என்பன கோப்பின் பெயரில் இறுதியாகக் காணப்படும் சொற்கள். இவை கொள்கலன்களின் பெயர்களேயன்றி, உள்ளிருக்கும் பொருளின் பெயர்கள் அல்ல. தூக்குப்பாத்திரத்தைக் கண்ட அளவில் உள்ளிருப்பது சாம்பாரா ரசமா என்று கூற இயலாதன்றோ? கொள்கலனுக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அவ்வாறு சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் நிரலுக்குக் கோடெக் என்று பெயர். படத்திற்கு எச்.264, எச்.265, விபி9, ஏவி1 முதலியனவும், ஒலிக்கு எம்பி3, ஏஏசி, ஓபஸ் முதலியனவும் வழக்கில் உள்ளன. ஆகவே எம்பி4 என்ற பெயருள்ள ஒரு கோப்பு ஓடவும், அதே பெயருள்ள மற்றொன்று ஓடாமலிருக்கவும் கூடும்.

லினக்ஸ் விநியோகங்கள் சிலவற்றில் சில கோடெக்குகள் முதலிலேயே இடம்பெறாமை ஒரு பழுதன்று. அவற்றின்மீது காப்புரிமைகள் உள்ள நாடுகளில் அவற்றை இலவசமாக விநியோகித்தல் சட்டச் சிக்கலுக்கு இடமாகும். எம்பி3க்கான உரிமத் திட்டம் 2017ஆம் ஆண்டில் முடிவுற்றதனால், அக்கோடெக் இன்று தடையின்றிக் கிடைக்கின்றது. எச்.264, எச்.265 ஆகியவற்றின் நிலை வேறு. உபுண்டுவில் ‘உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்’ என்னும் தொகுப்பையும், ஃபெடோராவில் ‘ஆர்பிஎம் ஃப்யூஷன்’ என்னும் களஞ்சியத்தையும் சேர்த்துக்கொண்டால் தேவையான கோடெக்குகள் கிடைக்கும்.

3. இரு கோப்பும் இரு நிரலும்

‘படம் ஓடவில்லை’ என்ற முறையீடு வந்தவுடன் செய்யத்தக்க முதற் சோதனை மிக எளியது. ஓடாத கோப்பு ஒன்று, நன்கு ஓடும் எனத் தெரிந்த கோப்பு ஒன்று. இயங்குதளத்துடன் வந்த நிரல் ஒன்று, விஎல்சி போன்ற வேறு நிரல் ஒன்று. இவற்றை மாற்றி மாற்றி இணைத்து நான்கு முறை சோதித்தல் வேண்டும்.

ஓடாத கோப்பு இரண்டு நிரல்களிலும் ஓடாது, மற்றது இரண்டிலும் ஓடுமாயின், குறை கோப்பினுடையது. படியெடுக்கும்போது அது முழுமையாக வந்து சேராதிருக்கலாம். மூலக் கோப்பின் அளவையும் படியின் அளவையும் ஒப்பிட்டு நோக்குக. பென் டிரைவை முறைப்படி விடுவிக்காது பிடுங்குதல் இதற்கு ஒரு பொதுக் காரணம். திரையில் ‘முடிந்தது’ எனக் காட்டிய பின்னரும் எழுதும் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கக் கூடும். மேலும், ஃபேட்32 முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிபி அளவையெட்டும் தனிக்கோப்பை எழுத இயலாது. நீண்ட திரைப்படங்களை எடுத்துச் செல்லும் களப்பணியாளர் எக்ஸ்ஃபேட் முறையைக் கைக்கொள்ளல் வேண்டும்.

ஓடாத கோப்பு விஎல்சியில் ஓடி, மற்ற நிரலில் ஓடாதாயின், கோப்பு நன்று. அந்நிரல் நம்பியிருக்கும் கோடெக் இல்லை என்பது தெளிவு. விஎல்சி தனக்கு வேண்டியவற்றைப் பெரும்பாலும் எஃப்எஃப்எம்பெக் என்னும் நூலகத்தினின்று பெறுகின்றது. க்னோம் சூழலின் வீடியோ நிரலோ ஜிஸ்ட்ரீமர் என்னும் அமைப்பின் இணைப்புகளை நம்பியிருக்கின்றது. ஆகவே ஜிஸ்ட்ரீமருக்குரிய ‘லிப்ஏவி’ இணைப்பை நிறுவினால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

இரண்டு கோப்புகளும் ஒரு நிரலில் மட்டும் ஓடாவெனில், குறை அந்நிரலினுடையது. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஸ்னாப், ஃப்ளாட்பேக் ஆகிய முறைகளில் நிறுவப்பட்ட நிரல்கள் வேலியிடப்பட்ட ஓரிடத்தில் இயங்குகின்றன. பயனரின் கோப்புறையிலுள்ள படத்தைத் திறக்கும் நிரல், பென் டிரைவிலுள்ள அதே படத்தைத் திறக்க மறுக்கலாம். அந்நிரலுக்குரிய அனுமதிப் பக்கத்தில் வெளிச்சேமிப்பு அனுமதியை அளித்தால் போதும்.

இரண்டு கோப்புகளும் இரண்டு நிரல்களிலும் ஓடாவெனில், குறை அவற்றிற்குக் கீழே, ஒலி அமைப்பிலோ திரை அமைப்பிலோ உளது. அடுத்த இரு பகுதிகளும் அவற்றைப் பற்றியன.

4. படம் தெரிகிறது, ஒலி இல்லை

ஒலி செல்லும் வழி இது: நிரல், பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்னும் ஒலிப் பங்கீட்டு அமைப்பு, கெர்னலிலுள்ள ஆல்சா, ஒலிச் சில்லு, இறுதியாக ஒலிபெருக்கி. இச்சங்கிலியின் நடுவே நின்று சோதிக்க, அமைப்புகளில் ‘ஒலி’ என்னும் பக்கத்தைத் திறந்து அங்குள்ள சோதனைப் பொத்தானை அழுத்துக. சோதனை ஒலி கேட்குமாயின், அதற்குக் கீழுள்ளவை யாவும் நன்று. குறை கோப்பிலோ நிரலிலோ உளது. சில நிரல்களுக்குத் தனித்தனி ஒலியளவுப் பட்டைகள் இருத்தலால், படம் ஓடும் நிரலின் பட்டை சுழியத்தில் இருக்கின்றதா என்பதையும் நோக்குக.

சோதனை ஒலியும் கேட்கவில்லையெனில், அதே பக்கத்தில் ஒலி எக்கருவிக்கு அனுப்பப்படுகின்றது என்று பார்த்தல் வேண்டும். புரொஜெக்டரை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்தவுடன் ஒலியும் அக்கம்பி வழியே திருப்பப்படுவதுண்டு. புரொஜெக்டரில் ஒலிபெருக்கி இல்லையெனில் வகுப்பறை மௌனமாகிவிடும். இது பழுதன்று, வெளியீட்டுக் கருவியை மாற்றித் தெரிந்தெடுத்தால் போதும்.

கருவி சரியாகவே இருந்து ஒலி மட்டும் இல்லையெனில், டெர்மினலில் ‘ஆல்சாமிக்சர்’ என்னும் கட்டளையை இடுக. திரையில் பல தூண்கள் தோன்றும். தூணின் அடியில் ‘எம்எம்’ என்றிருந்தால் அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது என்பது பொருள்; ‘ஓஓ’ என்றிருந்தால் திறந்துள்ளது. விசைப்பலகையில் ‘எம்’ விசையை அழுத்தினால் அடைப்பு நீங்கும்.

வெளியீட்டுக் கருவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்று காணப்படுமாயின், கெர்னல் ஒலிச் சில்லை அறிந்துகொள்ளவில்லை என்பது பொருள். முதற்கண் கணினியை முற்றிலும் அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, சிறிது நேரம் கழித்துத் துவக்குக. விண்டோஸிலிருந்து நேரே லினக்ஸுக்கு மறுதுவக்கம் செய்யும்போது, சில கருவிகள் விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையிலேயே நின்றுவிடுவதுண்டு. அதனாலும் பயனில்லையெனில், கெர்னலைப் புதுப்பித்தலும், புதிய இன்டெல் மடிக்கணினிகளாயின் ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’ என்னும் தொகுப்பை நிறுவுதலும் தக்க வழிகளாகும்.

5. ஒலி வருகிறது, படம் தத்துகிறது

சுருக்கப்பட்ட படத்தை விரித்தல் பெரும் உழைப்பு. இதனைச் செய்வதற்கென்றே கிராபிக்ஸ் சில்லில் தனி உறுப்பு அமைந்துள்ளது. அவ்வுறுப்பு பயன்படாதபோது முழுச் சுமையும் மையச் செயலியின்மேல் விழுகின்றது. படம் ஓடும்போது ‘சிஸ்டம் மானிட்டர்’ நிரலைத் திறந்து, செயலியின் வேலையளவு எல்லையை எட்டுகின்றதா என்று நோக்குக. பின்னர் அமைப்புகளின் ‘பற்றி’ என்னும் பக்கத்தில் கிராபிக்ஸ் என்ற வரியைப் படிக்க. அங்கு ‘எல்எல்விஎம்பைப்’ என்று இருப்பின், கிராபிக்ஸ் சில்லுக்குரிய டிரைவர் இயங்கவில்லை. திரையை வரைவதும் மையச் செயலியே. டிரைவரை நிறுவுதலே இதற்குத் தீர்வு.

டிரைவர் இருந்தும் படம் தத்துமாயின், கோப்பின் கோடெக்கையும் சில்லின் வயதையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். சான்றாக, 2015இல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலிகள் எச்.265இன் 8 பிட் வகையைத் தனியுறுப்பால் விரிக்க வல்லன. 10 பிட் வகையை முழுமையாக விரிக்கும் ஆற்றல் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. எனவே பழைய கணினியில் 10 பிட் எச்.265 படம் தத்துவது லினக்ஸின் குற்றமன்று. படத்தை எச்.264 ஆகவும், 1280×720 புள்ளிகள் உடையதாகவும் மாற்றிக்கொள்ளலே தீர்வு. ‘ஹேண்ட்பிரேக்’ என்னும் நிரல் இதற்கு உதவும். 4கே எனப்படும் 3840×2160 புள்ளிப் படத்தை இவ்வாறு சுருக்கினால், புள்ளிகளின் தொகை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைகின்றது. சிறிய வகுப்பறைத் திரையில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது.

6. கணினி துவங்கும் வழி

இனி இரட்டைத் துவக்கத்தைக் காண்போம். மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையிலுள்ள ஃபர்ம்வேர். இக்காலக் கணினிகளில் இது யுஇஎஃப்ஐ எனப்படும். தன் நினைவிலுள்ள துவக்க வரிசையைப் பார்த்து, வட்டிலுள்ள இஎஃப்ஐ பிரிவு என்னும் சிறு பிரிவினின்று உரிய துவக்கி நிரலை அது எடுக்கின்றது. விண்டோஸின் துவக்கியும் லினக்ஸின் துவக்கியாகிய கிரப்பும் அப்பிரிவில் வெவ்வேறு கோப்புறைகளில் அருகருகே வாழ்கின்றன. கிரப் பட்டியலைக் காட்டி, தெரிந்தெடுக்கப்பட்ட கெர்னலை ஏற்றுகின்றது. கெர்னல் ஏனையவற்றைத் தொடங்குகின்றது.

பழைய பயாஸ் முறையிலோ, வட்டின் 512 பைட் அளவுள்ள முதற் கூற்றில் ஒரே ஒரு துவக்கிக்குத்தான் இடமுண்டு. பின்னர் நிறுவப்பட்டது முன்னதை அழித்துவிடும். ‘விண்டோஸை நிறுவினால் லினக்ஸ் போய்விடும்’ என்ற பழைய அச்சம் அக்காலத்தது. யுஇஎஃப்ஐ முறையில் இருவரும் ஒருவரையொருவர் அழிப்பதில்லை; முதலிடத்திற்குப் போட்டியிடுவதே மிகுதி.

எம்முறையில் லினக்ஸ் துவங்கியுள்ளது என்று அறிய, ‘சிஸ்’ என்னும் கோப்புறையின்கீழ் ‘ஃபர்ம்வேர்’ என்பதனுள் ‘இஎஃப்ஐ’ என்னும் கோப்புறை உளதா எனப் பார்த்தால் போதும். இருப்பின் யுஇஎஃப்ஐ, இன்றேல் பயாஸ். ஒரு தளம் ஒரு முறையிலும் மற்றது வேறு முறையிலும் நிறுவப்பட்டிருப்பின், கிரப்பின் பட்டியலில் இரண்டையும் சேர்த்தல் இயலாது. எனவே இரண்டாவதை நிறுவுமுன்னரே முறை ஒன்றாக இருத்தலை உறுதி செய்தல் வேண்டும்.

7. துவக்கத்தில் நேரும் மூன்று குறைகள்

(அ) பட்டியலே தோன்றாது விண்டோஸ் துவங்குதல். பெரும்பாலும் விண்டோஸின் புதுப்பிப்போ ஃபர்ம்வேரின் புதுப்பிப்போ துவக்க வரிசையை மாற்றியிருக்கும். கணினியைத் துவக்கும்போதே உற்பத்தியாளர் குறித்த விசையை (எஃப்12, எஃப்9, எஸ்கேப் முதலியன) அழுத்தினால் ஃபர்ம்வேரின் சொந்தப் பட்டியல் தோன்றும். அதில் லினக்ஸின் பெயர் இருந்து, தெரிந்தெடுத்ததும் துவங்குமாயின், கிரப்பும் லினக்ஸும் நலமாக உள்ளன. ஃபர்ம்வேரின் அமைப்புப் பக்கத்தில் வரிசையை மாற்றினால் குறை தீர்ந்தது.

(ஆ) பட்டியல் தோன்றினும் விண்டோஸின் பெயர் இல்லாமை. நாம் முதலிற் கண்ட பள்ளியின் குறை இதுவே. பிற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலிற் சேர்க்கும் ‘ஓஎஸ் புரோபர்’ என்னும் சிறு நிரலை, 2021இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு, பாதுகாப்புக் கருதி இயல்பாக இயங்காதவாறு செய்தது. சில விநியோகங்கள் அதனை மீண்டும் இயங்கச் செய்துள்ளன, பிற செய்யவில்லை. ‘இடிசி’ கோப்புறையின்கீழ் ‘டீஃபால்ட்’ என்பதனுள் ‘கிரப்’ என்னும் கோப்பு உளது. அதில், கிரப், டிஸேபிள், ஓஎஸ், புரோபர் என்னும் நான்கு சொற்களைப் பெரிய ஆங்கில எழுத்துக்களில் அடிக்கோட்டால் இணைத்து எழுதிய வரியின் மதிப்பை ‘ஃபால்ஸ்’ என்று அமைத்தல் வேண்டும். பின்னர் டெபியன் குடும்ப விநியோகங்களில் ‘அப்டேட்-கிரப்’ என்னும் கட்டளையை நிர்வாகியாக இடுக. விண்டோஸ் கண்டறியப்பட்டது என்ற செய்தி திரையில் வந்தால், பெயர் பட்டியலிற் சேர்ந்துவிட்டது.

இவ்வாறு செய்யுமுன், விண்டோஸ் உண்மையில் இருக்கின்றதா என்பதையும் உறுதி செய்யலாம். ‘எல்எஸ்பிஎல்கே’ என்னும் கட்டளை வட்டையும் அதன் பிரிவுகளையும் அளவுகளுடன் காட்டும். அது பார்க்க மட்டும் செய்யும் கட்டளை; எதனையும் மாற்றாது. விண்டோஸுக்குரிய பெரிய பிரிவு அதில் காணப்படுமாயின், துடைத்து நிறுவும் பேச்சுக்கே இடமில்லை.

(இ) லினக்ஸைத் தெரிந்தெடுத்ததும் பாதுகாப்புப் பிழை தோன்றிக் கணினி அணைதல். 2024 ஆகஸ்ட்டில் வெளிவந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, பழைய துவக்கிகளை ஏற்கலாகாது என்ற கட்டளையை ஃபர்ம்வேரில் பதித்தது. அதனால் இரட்டைத் துவக்கக் கணினிகள் சிலவற்றில் ‘எஸ்பிஏடி’ என்ற எழுத்துக்களைக் கொண்ட பிழைச் செய்தியுடன் லினக்ஸ் நின்றது. இத்தகைய நிலையில் ஃபர்ம்வேரிலுள்ள ‘செக்யூர் பூட்’ காப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸைத் துவக்கிப் புதுப்பித்து, காப்பை மீண்டும் இயக்குதல் வேண்டும். ஆயின் ஓர் எச்சரிக்கை: விண்டோஸின் வட்டு ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருப்பின், இம்மாற்றத்தைக் கண்டதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கேட்கக்கூடும். விண்டோஸ் 11 உடன் வரும் கணினிகள் பலவற்றில் இப்பூட்டு தானே இயங்கிவிடுகின்றது. திறவெண்ணை முன்னரே தாளில் எழுதி வைத்திராதவர் ‘செக்யூர் பூட்’ அமைப்பைத் தொடுதல் கூடாது.

8. இரு தளங்களுக்கும் இடையே நேரும் குறைகள்

சில குறைகள் ஒரு தளத்தில் தோன்றினும், காரணம் மற்றதில் இருக்கும். இவற்றுள் இரண்டு அடிக்கடி காணப்படுவன.

முதலாவது, விண்டோஸின் பிரிவிலுள்ள படத்தை லினக்ஸில் திறக்க இயலாமை. 2012இல் விண்டோஸ் 8 வந்தது முதல், கணினியை அணைக்கும்போது விண்டோஸ் முழுமையாக உறங்குவதில்லை. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதிக்காகத் தன் உள்நிலையை வட்டில் எழுதி வைத்து அரைத்துயில் கொள்கின்றது. அந்நிலையில் அப்பிரிவை வேறொருவர் திருத்தினால் கோப்புகள் குலையும். ஆதலால் லினக்ஸ் அதனைப் படிக்க மட்டும் அனுமதிக்கின்றது. அல்லது முற்றிலும் திறக்க மறுக்கின்றது. இம்மறுப்பு நமக்குக் காவல். வலிந்து திறக்க முயலுதல் தவறு. விண்டோஸுக்குச் சென்று ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நிறுத்துதலே நேரிய தீர்வு. உடனடித் தேவைக்கு, விண்டோஸில் ‘மறுதுவக்கம்’ என்பதைத் தெரிந்தெடுத்து லினக்ஸுக்கு வரலாம். மறுதுவக்கத்தின்போது அது அரைத்துயில் கொள்வதில்லை.

இரண்டாவது, கடிகாரம் ஐந்தரை மணி பிறழ்தல். தாய்ப்பலகையிலுள்ள கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்கின்றது. உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் கொள்கின்றது. இந்திய நேரம் பொது நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் முன்னதாதலின், லினக்ஸைப் பயன்படுத்தியபின் விண்டோஸ் அவ்வளவு பிந்தியும், விண்டோஸைப் பயன்படுத்தியபின் லினக்ஸ் அவ்வளவு முந்தியும் காட்டலாம். இணையம் உள்ள இடத்தில் இது சிறிது நேரத்தில் திருந்தும். இணையம் இல்லாத களநிலையத்தில் பதிவுகளின் நேரமே பிழையாகிவிடும். ‘டைம்டேட்சிடிஎல்’ என்னும் கட்டளையை இட்டு நிலையை அறிக. அதனுடன் ‘செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று சேர்த்து இட்டால் லினக்ஸும் உள்ளூர் நேர முறைக்கு வந்துவிடும். கோடைக்கால நேரமாற்றம் உள்ள நாடுகளில் இது குழப்பம் தரும். இந்தியாவில் அம்மாற்றம் வழக்கில் இன்மையால் இங்கு அத்தீங்கு நேராது.

பிறழ்ச்சி ஐந்தரை மணியன்றிப் பல ஆண்டுகளாக இருப்பின், காரணம் இரட்டைத் துவக்கமன்று. தாய்ப்பலகையிலுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது. நாள் பிழையாக உள்ள கணினியில் பாதுகாப்பான இணையத் தளங்கள் திறக்க மறுக்கும். இணைய வழிப் படமும் ஓடாது. படம் ஓடாமையின் காரணம் ஒரு சிறு மின்கலமாக இருத்தலுமுண்டு என்பதை இதனால் அறிக.

9. தொடுமுன் செய்ய வேண்டியவை

லினக்ஸ் நிறுவு பென் டிரைவ் ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் களநிலையத்திலும் இருத்தல் வேண்டும். வட்டிலுள்ள இரு தளங்களும் துவங்காத நிலையிலும், அதன் ‘லைவ்’ முறையில் கணினியைத் துவக்கி, வட்டில் எதனையும் நிறுவாமலே கோப்புகளை வேறொரு சேமிப்பில் படியெடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருப்பின் திறவெண் இங்கும் தேவைப்படும். அடுத்து, வட்டின் பிரிவுகளைக் காட்டும் திரையை நலமாக உள்ள நாளிலேயே படமெடுத்து வைத்தல் பயன்தரும். பழுது நேர்ந்த நாளில் எது மாறியது என்பதை அது கூறிவிடும். இறுதியாக, பழுது பார்க்க வருபவரிடம் ‘துடைத்து நிறுவலாமா?’ என்ற கேள்வி எழுந்தால், ‘எந்தக் கட்டத்தில் பழுது?’ என்று திருப்பிக் கேட்டல் வேண்டும். விடை கிடைக்காதவரை இசைவு தருதல் கூடாது.

முடிவுரை

கணினியை மீண்டும் வாங்கலாம். இயங்குதளத்தை மீண்டும் நிறுவலாம். ஒரு மாணவியின் மூன்றாண்டு மதிப்பெண்ணையோ, களப்பணியாளர் வீடு வீடாகச் சென்று திரட்டிய குறிப்புகளையோ மீண்டும் பெறுதல் அரிது. பழுது காணும் முறையைக் கற்பதன் பயன் கணினியைக் காப்பதைவிட இவற்றைக் காப்பதேயாம். இம்முறையைக் கற்பிக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை; ஒரு கணினி, இரண்டு படக் கோப்புகள், ஒரு குறிப்பேடு இருந்தால் போதும்.

பயிற்சி

1. ஒரு படம் விஎல்சியில் ஓடுகின்றது. இயங்குதளத்துடன் வந்த நிரலில் ஓடவில்லை. பழுது எக்கட்டத்தில் உளது? காரணம் கூறுக.

2. புரொஜெக்டரை இணைத்ததும் மடிக்கணினியின் ஒலி நின்றது. முதலில் நோக்க வேண்டிய இடம் யாது?

3. கிரப்பின் பட்டியலில் விண்டோஸ் இல்லை. அது வட்டில் இருக்கின்றதா என்பதை, எதனையும் மாற்றாது அறியும் வழி யாது?

4. களநிலையக் கணினியில் காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 எனக் காட்டுகின்றது. அதற்குமுன் எத்தளம் பயன்படுத்தப்பட்டிருக்கும்? ஏன்?

5. மாணவரை இரு குழுக்களாகப் பிரிக்க. ஒரு குழு ஒலியமைப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்து குறையை உண்டாக்குக. மற்றக் குழு எத்தனை சோதனைகளில் அதனைக் கண்டது என்று எழுதுக. பின்னர் குழுக்கள் இடம் மாறுக. குறைந்த சோதனைகளில் கண்ட குழு எவ்விடத்தினின்று தொடங்கிற்று என்பதை வகுப்பில் ஆராய்க.